கோடிட்ட இடத்தை நிரப்புக: எழுத்துத் திரைகளின் கதை

தட்டச்சுப் பொறியைப் பற்றி இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, அதற்கு அடுத்து நம் மேசைக்கு வந்த பொருளைப் பற்றியும் எழுதச் சொல்லி இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மினுக்கிய டெர்மினலைத்தான் சொல்கிறார்கள். மவுஸ் கிடையாது, படம் கிடையாது, பாட்டு கிடையாது. பார்க்கப்போனால் அது கம்ப்யூட்டரும் கிடையாது. குளிர்சாதன அறையில் பூட்டி வைத்திருந்த ஒரே ஒரு கணினிக்குக் கம்பி வழியாக இழுத்து வைத்த ஒரு கண், ஒரு வாய். அவ்வளவுதான்.

அதன் முழு வரலாற்றையும் எழுத எனக்குச் சக்தி இல்லை. ஒரு சின்னப் பகுதியை மட்டும் சொல்கிறேன். திரையில் பெட்டி, பட்டியல், மெனு எல்லாம் வரைந்து காட்டும் நிரல்கள், தாம் பேசுவது எந்த வகைத் திரையோடு என்பதை எப்படித் தெரிந்துகொண்டன? நம் ஊருக்கும் நம் கண்ணுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ள நமக்கு எப்படி இடம் விட்டார்கள்? முப்பது வருடத்துக்கு மேல் பாரங்களோடு காலம் தள்ளிய குமாஸ்தா என்பதால், இந்த இரண்டு கேள்விகளும் எனக்கு மிகவும் நெருக்கமானவை.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கிய காலத்தில் திரை என்பதே பரவலாக இல்லை. டெலிடைப் என்ற தந்தி அச்சுப் பொறிதான் இருந்தது. அந்த நாட்களில் மிகவும் பரவியிருந்த மாடல் 33 விநாடிக்குப் 10 எழுத்து அடிக்கும். அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும். காகிதத்தில் அடித்த எழுத்தை அழிக்க முடியாது, மேலே போய்த் திருத்த முடியாது. அதனால் அந்த நாளைய நிரல்கள் வரிவரியாகக் கேட்டு வரிவரியாகப் பதில் சொல்லின. இன்றும் யூனிக்ஸ் வழி வந்த கணினிகளில் டெர்மினலுக்கு டி.டி.ஒய். என்றே பெயர். டெலிடைப்பின் சுருக்கம் அது. தாத்தாவின் இனிஷியல் பேரனிடம் தங்கிவிட்ட மாதிரி.

பிறகு கண்ணாடித் திரை வந்தது. டிஜிட்டல் கம்பெனியின் வி.டி.52 1975-இல், லியர் சீக்லர் கம்பெனியின் ஏ.டி.எம்.3ஏ 1976-இல், பெரும்புகழ் பெற்ற வி.டி.100 1978-இல். மூன்றிலும் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. இப்போது ஒளிக்குறியைத் திரையின் எந்த மூலைக்கும் அனுப்பலாம், எழுதியதை அழிக்கலாம், மேலே எழுதலாம். சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பாஷை வைத்திருந்தது. "பன்னிரண்டாம் வரி, நாற்பதாம் இடத்துக்குப் போ" என்று சொல்ல, எஸ்கேப் என்ற குறிக்குப் பிறகு ஏ.டி.எம்.3ஏ ஒரு சமக்குறியை எதிர்பார்க்கும். வி.டி.52 ஒய் என்ற எழுத்தை எதிர்பார்க்கும். வி.டி.100-க்கோ சதுர அடைப்புக்குறி திறந்து, வரி எண், அரைப்புள்ளி, இட எண் எழுதிக் கடைசியில் ஹெச் போட வேண்டும்.

ஒரு திரைக்காக எழுதிய நிரலை இன்னொரு திரையில் ஓட்டினால் குப்பைதான் வரும். ஒவ்வொரு கருவூலமும் தனக்கென்று ஒரு சம்பளப் பட்டியல் படிவம் வைத்துக்கொண்டால் பில் போடும் குமாஸ்தா என்ன பாடு படுவான்? அதே பாடுதான்.

இதற்கு வழி கண்டவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய். 1976 வாக்கில் வி.ஐ. என்ற எழுத்துத் திருத்தியை எழுதினார். அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.3ஏ விசைப்பலகையில் ஹெச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்துகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சாகி இருந்தன. அதனால்தான் வி.ஐ. பழகியவர்கள் இன்றும் அந்த நான்கு எழுத்துகளால் நகர்கிறார்கள். ஆனால் அவருடைய நிரலை வேறு திரை வைத்திருந்தவர்களும் கேட்டார்கள். ஒவ்வொரு திரைக்கும் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? 1978-இல் டெர்ம்கேப் என்ற ஒரு பதிவேட்டை ஏற்படுத்தினார். சாதாரண எழுத்துக் கோப்புதான். திரைக்கு ஒரு பதிவு. அதில் இரண்டெழுத்துச் சுருக்கங்கள். சி.ஓ. என்றால் வரிக்கு எத்தனை எழுத்து, எல்.ஐ. என்றால் எத்தனை வரி, சி.எல். என்றால் திரையைத் துடைப்பது எப்படி, சி.எம். என்றால் ஒளிக்குறியை நகர்த்துவது எப்படி. நிரல் இந்தப் பதிவேட்டைப் பார்த்து, அந்தத் திரைக்கு உரிய பாஷையில் பேசும். புதிதாக ஒரு திரை வந்தால் நிரலைத் தொட வேண்டாம். பதிவேட்டில் ஒரு பதிவு சேர்த்தால் போதும்.

சரி, பதிவேட்டில் நூறு திரைகள் இருக்கின்றன. என் முன்னால் இருப்பது எது என்று நிரலுக்கு யார் சொல்வது? இங்கேதான் சூழல் மாறி என்ற சங்கதி வருகிறது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் இந்த ஏற்பாடு நுழைந்தது. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு சீட்டு உண்டு. அதில் இடப்பக்கம் ஒரு பெயர், வலப்பக்கம் ஒரு மதிப்பு. ஒரு நிரல் இன்னொரு நிரலை வேலைக்கு அனுப்பும்போது அந்தச் சீட்டின் உண்மை நகல் ஒன்று கூடவே போகும். நகலில் செய்த திருத்தம் மூலத்தைப் பாதிக்காது. நம் செக்‌ஷனில் கோப்போடு குறிப்புத்தாள் போகுமே, அதே மாதிரி. அந்தச் சீட்டில் டெர்ம் என்ற பெயருக்கு நேராக வி.டி.100 என்று எழுதியிருந்தால் நிரல் அதை நம்பி நடக்கும்.

நிரலை எழுதியவர் கலிபோர்னியாவில் இருக்கலாம். அவர் செய்தது, ஒரு கோடு போட்டு இடம் விட்டது மட்டும்தான். நிரப்புவது நம் கையில்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே பாரம் நிரப்பும் பாடத்தைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது; பொருந்தாத இடத்தில் 'நெயான்', அதாவது 'இல்லை', என்று எழுத வேண்டும். டெர்ம்கேப் பதிவேட்டிலும் அப்படி ஒரு பதிவு உண்டு. அதன் பெயர் 'டம்ப்', ஊமை. எனக்கு எந்த வித்தையும் தெரியாது, வரிவரியாக அடித்துக் காட்டு என்று பொருள். டெர்ம் என்ற கட்டத்தில் அதை எழுதிவிட்டால் இன்றைய கணினிகூட 1969-இன் டெலிடைப் போலப் பணிவாக நடந்துகொள்ளும்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் யூனிக்ஸ் கணினி ஒன்றும் எட்டு டெர்மினல்களும் இருந்தன. ஐந்து ஒரு கம்பெனி, மூன்று வைஸ் கம்பெனி. எட்டுக்கும் ஒரே பெயரை, வி.டி.100 என்று, நிறுவ வந்தவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்தில் மெனு ஒழுங்காக வந்தது. மூன்றில் எண், அரைப்புள்ளி, ஹெச், மறுபடி எண், அரைப்புள்ளி, ஹெச் என்று திரை முழுக்கச் சிதறிக் கிடந்தது. அந்த மூன்றும் கெட்டுப்போனவை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மூன்று வாரம் துணி போர்த்திக் கிடந்தன. அந்த மூன்று வாரமும் பென்ஷன் தாரர்கள் மற்ற ஐந்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். சென்னையிலிருந்து வந்த ஓர் இளைஞர் நாற்காலியில் உட்காராமலே அந்த ஒரு பெயரை மட்டும் மாற்றி அடித்தார். மூன்று திரையிலும் மெனு பளிச்சென்று வந்தது. இயந்திரத்தில் பழுதே இல்லை. பாரத்தில் ஒரு கட்டம் தவறாக நிரப்பப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அன்றுதான் இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது.

கதைக்குத் திரும்புவோம். டெர்ம்கேப்பை நேராகப் பயன்படுத்துவது சிரமமான வேலை. அந்த நாளில் தொலைபேசிக் கம்பி வழியாக 300 பாட் வேகம், அதாவது விநாடிக்கு 30 எழுத்துதான் வரும். 24 வரி, 80 எழுத்து என்றால் மொத்தம் 1,920 இடம். திரை முழுவதையும் ஒருமுறை எழுத 64 விநாடி! ஆகவே மாறிய இடத்தை மட்டும் அனுப்பும் சாமர்த்தியம் வேண்டும். அதே பெர்க்லியில் இருந்த கென் ஆர்னால்ட், பில் ஜாயின் வி.ஐ.க்குள் இருந்த அந்தச் சாமர்த்தியத்தை எடுத்து, எல்லா நிரல்களும் பயன்படுத்தும்படி 1980 வாக்கில் ஒரு நிரலகம் ஆக்கினார். கர்ஸர் என்ற ஒளிக்குறியைச் சிக்கனமாக நகர்த்துவதால் அதற்குக் கர்ஸஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் 'சாபங்கள்' என்றும் பொருள். பெயர் வைத்தவர்கள் இரண்டையும் நினைத்துத்தான் வைத்தார்கள்.

கர்ஸஸைக் கொண்டு செய்த புகழ்பெற்ற விளையாட்டு ரோக். மைக்கேல் டாயும் கிளென் விக்மனும் தொடங்கினார்கள். பிறகு ஆர்னால்டும் சேர்ந்துகொண்டார். சுரங்க அறைகளில் அலைந்து புதையல் தேடும் ஆட்டம். இதற்கும் ஒரு சூழல் மாறி உண்டு, ரோக் ஆப்ட்ஸ் என்று. அதில் விளையாடுபவர் தம் பெயரை எழுதலாம். கூடவே தமக்குப் பிடித்த பழத்தின் பெயரையும் எழுதலாம்! ஆட்டத்தின் நடுவே சாப்பிடக் கிடைக்கும் பழம் அந்தப் பெயரில் வரும். ஒன்றும் எழுதாவிட்டால் ஒருவகைப் பூஞ்சைப் பிசினின் பெயர் வரும். நம்மவர் யாராவது விளையாடியிருந்தால் பங்கனபள்ளி என்று எழுதியிருப்பார். சும்மா ஒரு வேடிக்கைதான். ஆனால் நிரலைத் திறந்து பார்க்கவே தெரியாத ஒருவருக்கும் அதில் தம் ருசியை எழுதிவைக்க ஓர் இடம் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

டெர்ம்கேப் பதிவேடு நாளுக்கு நாள் பெருத்தது. முதல் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு போவதற்கு நேரம் பிடித்தது. பெர்க்லியிலிருந்து பெல் ஆய்வகத்துக்குப் போன மேரி ஆன் ஹார்ட்டன் அதை டெர்ம்இன்ஃபோ என்று மாற்றி அமைத்தார். திரைக்கு ஒரு தனிக் கோப்பு; முதலெழுத்துப்படி அடுக்கு. வி என்ற அறையில் வி.டி.100. ஆவணக்காப்பாளர் செய்கிற வேலைதான். 1984-இன் சிஸ்டம் ஃபைவ் இரண்டாம் வெளியீட்டில் இது பரவலாயிற்று. இதைப் பார்த்து பாவெல் கர்ட்டிஸ் எல்லோருக்கும் இலவசமாக ஒரு பிரதி எழுதினார். அதன் வழியில் 1990-களில் ஸெய்த் பென்-ஹாலிமும் எரிக் ரேமண்டும் வளர்த்ததுதான் 'புதிய கர்ஸஸ்' என்று பொருள்படும் என்கர்ஸஸ். பின்னர் தாமஸ் டிக்கி அதைப் பொறுப்பேற்று நீண்ட காலமாகப் பராமரித்து வருகிறார். இன்றைக்கு லினக்ஸ் கணினிகளில் எழுத்துத் திரை நிரல் எதைத் திறந்தாலும் அனேகமாக இதுதான் அடியில் இருக்கும்.

என்கர்ஸஸ் திரையின் விவரத்தைத் தேடும் வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் டெர்ம்இன்ஃபோ என்ற சூழல் மாறியில் ஏதாவது இடம் காட்டியிருக்கிறதா என்று பார்க்கும். பிறகு உங்கள் சொந்த வீட்டு அடைவில் பார்க்கும். பிறகு டெர்ம்இன்ஃபோ டர்ஸ் என்ற மாறியில் எழுதிய இடங்களை. எல்லாம் போன பிறகே பொது அலமாரிக்குப் போகும். சிறப்பு ஆணை இருந்தால் அது; இல்லாவிட்டால் உள்ளூர் வழக்கம்; அதுவும் இல்லாவிட்டால் பொதுவிதி. பிரெஞ்சு சிவில் சட்டம் சில குடும்பங்களுக்கு இன்னும் செல்லுபடியாகும் புதுச்சேரியில் குப்பை கொட்டிய நமக்கு இந்த வரிசையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விவேகமும் உண்டு. மேலதிகாரியின் அதிகாரத்தோடு ஓடும் நிரல்கள், சாதாரணப் பயனாளர் இந்தக் கட்டங்களில் எழுதியதை ஏற்காது. யார் வேண்டுமானாலும் குறிப்பு எழுதலாம். ஆனால் கஜானா சாவி சம்பந்தப்பட்ட கோப்பில் அது செல்லாது.

எஸ்க்டிலே என்று ஒரு மாறி. அம்புக்குறி விசையை அழுத்தினால் எஸ்கேப் குறியும் அதைத் தொடர்ந்து வேறு சில எழுத்துகளும் வரும். எஸ்கேப் விசையைத் தனியாக அழுத்தினாலும் முதலில் வருவது அதே எஸ்கேப்தான். எது எது என்று நிரல் எப்படிப் பிரித்தறியும்? கொஞ்சம் காத்திருந்து பார்க்கும். எவ்வளவு என்றால், வழக்கமாக 1,000 மில்லி விநாடி, அதாவது முழுதாக ஒரு விநாடி. மெதுவான தொலைபேசிக் கம்பிக்கு அது நியாயம். இன்றைய வேகத்துக்கு அது சோம்பல். அந்த மாறியில் 25 என்று எழுதினால் எஸ்கேப் உடனே வேலை செய்யும். கம்பி எந்த ஊரில் எவ்வளவு மெதுவாக இருக்கும் என்பதை எழுதியவர் அறிய முடியாது. அதனால் அதையும் நம்மிடமே விட்டார்.

பெட்டி வரையும் கதை இன்னும் சுவை. வி.டி.100-இல் கோடு வரைவதற்குத் தனி எழுத்துத் தொகுதி இருந்தது. ஒரு குறியை அனுப்பித் தொகுதியை மாற்றிவிட்டால், க்யூ என்ற எழுத்து படுக்கைக் கோடாகும், எக்ஸ் நிற்கும் கோடாகும், எல், கே, எம், ஜே நான்கு மூலைகளாகும். மாற்றும் குறியைத் திரை கவனிக்காவிட்டால் எல்-க்யூ-க்யூ-க்யூ-கே என்று எழுத்துகளாலேயே ஒரு பெட்டி வந்து நிற்கும். யூனிகோட் வந்த பின் சில திரை நிரல்கள் அந்தப் பழைய குறியைக் கவனிப்பதையே விட்டுவிட்டன. அதற்கென்று என்கர்ஸஸ் நோ யு.டி.எஃப்.8 ஏ.சி.எஸ். என்று ஒரு மாறி வந்தது. அதில் 1 என்று எழுதினால் பழைய வழியை விட்டு யூனிகோட் கோடுகளை வரையும். திரைக்கு யூனிகோட் தெரியாவிட்டால் மறுபக்கக் கூத்து: ஒவ்வொரு கோட்டுக்கும் பதிலாகத் தொப்பி போட்ட 'ஆ', நாங்கள் பள்ளியில் 'ஆ ஆக்சான் சிர்கோன்ஃப்ளெக்ஸ்' என்று ஒப்பித்தது, வரிசையாக வந்து நிற்கும்.

தொப்பி என்றதும் பிரெஞ்சுக்காரர்கள் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. பழைய திரைகளில் 128 இடங்களே உண்டு. ஆங்கிலத்துக்கு அது போதும். பிரெஞ்சின் குறியிட்ட எழுத்துகளை எங்கே வைப்பது? சில ஆங்கிலக் குறிகளை வெளியேற்றிவிட்டு அந்த இடங்களில் வைத்தார்கள். நெளிவு அடைப்புக்குறி திறக்கும் இடத்தில் 'எ ஆக்சான் தேகு', மூடும் இடத்தில் 'எ ஆக்சான் கிராவ்'. ஆக, பிரெஞ்சுத் திரையில் சி மொழி நிரலைப் படித்தால் அடைப்புக்குறி இருக்க வேண்டிய இடமெல்லாம் 'எ' 'எ' என்று இருக்கும்! 1982 முதல் பிரான்சு நாட்டு வீடுகளுக்கு வந்து 2012-இல் விடைபெற்ற மினிடெல் பெட்டிக்கும் டெர்ம்இன்ஃபோவில் பதிவு இருக்கிறது. யாராவது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து தன் நாட்டுப் பெட்டியின் பாஷையை அந்தக் கட்டங்களில் எழுதியிருக்கிறார். கலிபோர்னியாவைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இனி நிறம். ரெட் ஹேட் கம்பெனி தன் லினக்ஸை நிறுவும் திரைகளுக்காகத் தொண்ணூறுகளில் நியூட் என்ற சிறு நிரலகத்தை உருவாக்கியது. எழுதியவர் எரிக் ட்ரோன். நீலப் பின்னணி, சாம்பல் பெட்டி, சிவப்புத் தலைப்பு, சிவப்புப் பொத்தான். டெபியன், ராஸ்பெர்ரி பை கணினிகளில் விப்டெயில் என்ற பெயரில் வரும் கேள்விப் பெட்டிகள் இதே குடும்பம்தான். இதற்கு நியூட் கலர்ஸ் என்று ஒரு மாறி உண்டு. பின்னணி, சட்டம், தலைப்பு, பொத்தான், பட்டியல் என்று ஒவ்வொரு பகுதியின் பெயரையும் எழுதி, எழுத்து நிறம், காற்புள்ளி, பின்புல நிறம் என்று நிரப்பலாம்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு இப்போது 78 வயது. இரண்டு கண்ணிலும் கோளாறு. ஓய்வூதியர் நண்பர்களின் மாதச் சந்தாக் கணக்கை வருடக்கணக்காக அவர்தான் வைத்திருக்கிறார். பாரீசில் இருக்கும் அவருடைய பேரன், தாத்தாவுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு பழைய கணினியில் விப்டெயில் மெனு போட்டுக் கொடுத்திருந்தான். போன வருடம் ஒருநாள் போன் செய்தார்.

"முசே, கணக்கை நீங்களே எடுத்துக்குங்க. பொட்டி பூரா சேறு மாதிரி தெரியுது. எந்தப் பொத்தான்ல நிக்கிறேன்னே தெரியல. போன மாசம் ரெண்டு பேர் பேரை அழிச்சிருக்கேன்."

அவர் குரலில் இருந்தது கணக்கைப் பற்றிய கவலை இல்லை என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஸ்கூட்டரை விட்டார், செய்தித்தாளை விட்டார். இது மூன்றாவது.

மறுநாள் போனேன். பேரன் எழுதிய நிரலை நான் தொடவில்லை. அவர் உள்ளே நுழையும்போது படிக்கப்படும் கோப்பில் நியூட் கலர்ஸ் என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். எல்லாம் கறுப்புப் பின்னணி, எழுத்து மஞ்சள், நிற்கும் பொத்தான் மட்டும் வெள்ளையில் கறுப்பு. எழுத்தின் அளவையும் பெரிதாக்கினோம். அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பட்டியலில் இறங்கி, அழிந்துபோன இரண்டு பெயர்களையும் திரும்ப ஏற்றினார். "காப்பி குடிக்கிறீங்களா?" என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். கணக்கு இன்றும் அவரிடமே இருக்கிறது.

இதில் எல்லாமே நல்ல செய்தி என்று சொல்ல மாட்டேன். இந்தத் திரைகளின் அடிப்படை, சமமான கட்டங்கள் கொண்ட ஒரு சட்டம். கட்டத்துக்கு ஓர் எழுத்து. நம் தமிழுக்கு அது ஒத்துவருவதில்லை. 'கொ' என்ற எழுத்தில் மெய்க்கு முன்னும் பின்னும் குறி வர வேண்டும். 'ணை' அகலம் கேட்கும். புள்ளி தலைமேல் உட்கார வேண்டும். லாங், எல்.சி. ஆல் என்ற மாறிகளில் தமிழ் என்று எழுதினால் மொழி மாறும், செய்திகள் தமிழில் வரும். ஆனால் பெரும்பாலான எழுத்துத் திரைகளில் எழுத்து பிய்ந்தும் நெரிந்தும்தான் தெரியும். எந்தச் சூழல் மாறியும் அதைச் சரிசெய்யாது. ஏனென்றால் கட்டத்தைப் போட்டவர்களுக்கு இப்படி ஓர் எழுத்து உண்டு என்ற நினைவு இல்லை. ஆகவே அதற்குக் கோடிட்ட இடமும் விடவில்லை.

பாரம் தயாரிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு, அது காகிதமானாலும் கணினியானாலும், ஒரு பழைய குமாஸ்தாவாக நான் சொல்ல விரும்புவது இதுதான். எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாத ஊரில், உங்களுக்குத் தெரியாத கண்ணோடு, ஒருவர் அதை நிரப்பப் போகிறார். அவருக்கென்று ஒரு கோடு இழுத்து, கொஞ்சம் இடம் விடுங்கள்.